கழிவு ஒயிலும் கட்டிச் சவர்க்காரமும்

எனக்குக் கோபம் வருவதற்கு அதிகம் தேவையில்லை. "நீங்களும் நிலாவெளி ரோட்டில ரேஸ் ஓடுறனீங்களாமே?" என்று யாராவது சிரித்துக்கொண்டு கேட்டால் போதும். கேட்டவர் எங்கள் தேவாலயப் பங்குச் சபையில் பெரிய ஆளாக இருந்தாலும் சரி, என் அலுவலக மேலாளராக இருந்தாலும் சரி, நின்ற இடத்திலேயே பிடித்து வைத்துப் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவேன்.

நிலாவெளி ரோட்டில் பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு பறப்பவர்கள் ஓடுவது போட்டி இல்லை. அது கொலை முயற்சி. அந்த ரோட்டில் மாடு படுத்திருக்கும். ரியூசன் முடிந்த பிள்ளைகள் மூன்று சைக்கிளை அருகருகே விட்டுக்கொண்டு கதைத்தபடி வருவார்கள். இறக்கக்கண்டிப் பக்கமிருந்து பின் கரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். ஓட்டோக்காரர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. அதற்குள் புகுந்து ஓடுகிறவனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் சொல்கிற போட்டிக்கு வேலி அடைத்த தனிப் பாதை இருக்கிறது. எல்லாரும் ஒரே திசையில் ஓடுவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கொடி பிடித்தபடி ஆட்கள் நிற்பார்கள். அம்புலன்ஸ் ஒன்று ஆயத்தமாக நிற்கும். ஓடுகிறவர் தோளிலும் இடுப்பிலும் பட்டி கட்டி, ஹெல்மெற் போட்டு, இரும்புக் குழாய்க் கூட்டுக்குள் இருப்பார். இதை நான் எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருப்பேன்! எல்லாரும் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில், "எண்டாலும் ஒரு பொம்பிளைக்கு ஏன் இந்த விசர்?" என்பார்கள்.

நான் திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் நிலையத்தில் வேலை செய்கிறேன். நாற்பதைத் தாண்டியாயிற்று. வேகத்தில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை என்றெல்லாம் கதை விடமாட்டேன். மூன்று வருடங்களுக்கு முன்னர் அலுவலக வேலையாகத் தெற்குப் பக்கம் போனபோது, திரும்பிவரும் வழியில் ஒரு கார் ஓட்டப் போட்டியைப் பார்க்கக் கிடைத்தது. பெரிய கார்கள் பெரிய சத்தத்தோடு ஓடின. அது என்னைத் தொடவில்லை. அதற்குப் பிறகு சின்னக் கார்களின் ஓட்டம் வந்தது. பழைய, மலிவான, ஒட்டுப் போட்ட கார்கள். ஓட்டியவர்களில் ஒருவர் பல் வைத்தியர், ஒருவர் பேக்கரி வைத்திருப்பவர். ஓட்டம் முடிந்ததும் பேக்கரிக்காரர் தன் காரின் முன்பக்கத்தைக் கம்பியால் கட்டிக்கொண்டிருந்தார். போய்க் கதை கேட்டேன். இதற்குப் பணக்காரனாக இருக்கத் தேவையில்லை என்றார். பழைய கார் ஒன்று, பாவித்த ரயர், விதியில் சொன்ன பாதுகாப்புச் சாமான்கள், ஒரு நாள் பயிற்சி, ஒரு லைசன்ஸ். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று ஊரில் வந்து சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "உது காசுக்காரரின்ட விளையாட்டு" என்றார்கள். சொன்னவர்கள் யார்? மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு மண்டபம் பிடித்து, பிள்ளையைப் பல்லக்கில் ஏற்றி, மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தவர்கள். அந்த ஒரு நாள் செலவில் நான் இரண்டு வருடம் ஓடலாம். அதைச் சொன்னதற்கு, "உனக்கு வாய் கூடிப்போச்சு" என்று பதில் வந்தது.

என் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், வேலை. ஸ்கூட்டரிலே போவார், வருவார். முப்பதுக்கு மேல் முள் ஏறினால் அவருக்கு முகம் வெளிறும். வேண்டாம் என்றும் சொல்லமாட்டார், செய் என்றும் சொல்லமாட்டார். "என்னவோ செய்யும்" என்று என்னிடமே விட்டுவிடுவார். அந்த "என்னவோ செய்யும்" இருக்கிறதே, அதற்கு ஊராரின் ஏச்சு எவ்வளவோ மேல். ஏசினால் திருப்பி ஏசலாம். இவரோடு என்ன செய்வது?

கார் உவர்மலையில் ஒரு வீட்டுக் கொட்டிலில் கிடந்தது. இரண்டே பேர் இருக்கக்கூடிய, கூரை மடிக்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சின் நல்லம். உடம்பைத் துருப்பிடித்துக் கறள் தின்றிருந்தது. ஏறி இருந்து காலை ஊன்றினேன், கால் நிலத்தில் பட்டது. கிட்டத்தட்டப் பழைய இரும்பு விலைக்குத்தான் தந்தார்கள். பாலையூற்றில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டேன். கெட்டிக்காரன். அடித்தட்டு முழுவதையும் வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து ஒட்டினான். குழாய் வளைத்துக் கூடு செய்தான். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் முன்னர், "அக்கா, ஐயாவை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன்" என்பான். ஸ்கூட்டர் பிளக்கைக் கழற்றத் தெரியாத மனுசனிடம், காரின் பின்சில்லு எத்தனை பாகை சாய வேண்டும் என்று நான் போய்க் கேட்க வேண்டுமாம்! அதோடு காருக்குச் சிவப்பு அடித்துப் பின்னால் இறக்கை மாதிரிச் செட்டை ஒன்று பூட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். செட்டையும் வேண்டாம் கொண்டையும் வேண்டாம், பிறேக்கைப் பார் என்று கத்திக் கத்தியே ஒரு வருடம் போனது.

பயிற்சி நாளில் நான் கற்றதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதையும் ஒருவரும் நம்புவதில்லை. அங்கே யாரும் "வேகமாக ஓடு" என்று சொல்லித் தரவில்லை. எங்கே பிறேக் பிடிக்க வேண்டும், திருப்பத்தில் கண் எங்கே இருக்க வேண்டும், பின்னால் வருகிறவனுக்கு எப்படி வழிவிட வேண்டும், எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம் என்றுதான் சொல்லித் தந்தார்கள். முழு நாளும் மற்றவனைப் பற்றிய கதைதான். எங்கள் ஊரில் லைசன்ஸ் எடுக்கும்போது அந்தக் கதையை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். இரவோடு இரவாகக் காரை ஏற்றிப்போக ஒரு மீன் லொறியைப் பிடித்தேன். புறப்படுகிற நாள் பின்னேரம் அலுவலகத்தால் வந்து பார்த்தால் முற்றத்தில் கார் நிற்கிறது, அடியெல்லாம் கறுப்பாக மினுங்குகிறது. பக்கத்தில் என் கணவர், சட்டையில் கறுப்புப் பொட்டுகளோடு.

வெளியூர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். திருகோணமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். உப்புக்காற்றுக்கு இரும்பு நிற்காது. அதனால் கார், வான் வைத்திருக்கிற எல்லாரும் மாரிக்கு முன்னரும் தூரப் பயணத்துக்கு முன்னரும் வாகனத்தைச் சேர்விஸ் ஸ்ரேசனில் உயர்த்தி, அடியில் கழிவு ஒயிலை விசிறி அடிப்பார்கள். பிறகு ஒரு கிழமைக்கு வாகனம் நின்ற இடமெல்லாம் சொட்டும். யாரும் குறை சொல்வதில்லை. ஒயில் அடிக்காத கார் எங்கள் ஊரில் தலை சீவி இழுக்காத பிள்ளை மாதிரி. பார்க்கிறவர்கள் வீட்டுக்காரரைத்தான் ஏசுவார்கள்.

"மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் அடிச்சனான்," என்றார் என் கணவர். "சும்மா மேலால இல்லை. அடிச்சட்டத்துக்கு உள்ளுக்கையும் நல்லா விடச் சொன்னனான். நானும் ஏதும் செய்யவேணும் எண்டு நினைச்சன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருடம் "என்னவோ செய்யும்" என்று இருந்த மனுசன்! நாளைக்கு இந்தக் கார் எங்கே போகிறது, அங்கே ஒயில் சொட்டினால் என்ன ஆகும் என்பது எனக்கும் உறைக்கவில்லை. அவரையும் பிடித்து லொறியில் ஏற்றிக்கொண்டேன்.

விடியப் போட்டி நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து காரை இறக்கினோம். மீன் நாற்றத்தோடு, ஐஸ் தண்ணீரும் ஒயிலும் கலந்து வழிய வழிய என் கார் வாகனப் பரிசோதனை வரிசையில் நின்றது. பரிசோதகர் ஒரு இளம் ஆள். குனிந்து அடியில் ரோர்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்து சிங்களத்தில், "அன்ரி, எஞ்சின் ஒயில் ஒழுகுகிறது. ஓட விட ஏலாது" என்றார்.

ஒழுகவில்லை, அடித்திருக்கிறோம் என்றேன். ஏன் அடித்தீர்கள் என்றார். கறள் பிடிக்காமல் இருக்க என்றேன். போட்டிக் காருக்கு யாராவது ஒயில் அடிப்பார்களா என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. தெரிந்த சிங்களத்திலும் தெரிந்த இங்கிலீசிலும் எங்கள் ஊர்க் கடலைப் பற்றியும், காற்றைப் பற்றியும், மலைநாட்டில் பிறந்து உப்பைச் சோற்றில் மட்டும் கண்டவர்களுக்கு இது விளங்காது என்றும் ஒரு மூச்சுக் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: முழுவதையும் துடையுங்கள். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு அடியில் பேப்பர் விரித்துப் பார்ப்பேன். ஒரு சொட்டு விழுந்தாலும் காரை லொறியில் ஏற்ற வேண்டியதுதான்.

நானும் என் கணவரும் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தோம். மண்ணெண்ணெய், துடைக்கக் கிழித்த பழைய சாரம், சவர்க்காரத் தண்ணீர். மேல்பூச்சுப் போய்விட்டது. ஆனால் காரின் இரண்டு பக்கமும் அடிச்சட்டம் குழாய் மாதிரி உள்ளே கோறை. தண்ணீர் வடிவதற்கு அதில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைகளால் உள்ளே விட்ட ஒயில் ஒவ்வொரு சொட்டாக வந்துகொண்டே இருந்தது. துடைத்தோம், வந்தது. திரும்பத் துடைத்தோம், திரும்ப வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. அடித்தவனே துடைக்கிறான் என்று யாரும் சிரிக்கக்கூடாது என்றுதான் அவ்வளவு நேரமும் யோசித்தேன்.

அந்த நேரம் ஓட்டுநர் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போகாதவர் ஓட ஏலாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். கூட்டத்தில் என்னோடு நின்றவர்களில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிள்காரர்கள். எங்கள் ஓட்டம் முடிந்த கையோடு அதே பாதையில் அவர்களின் ஓட்டம். தோல் உடுப்பும் பருவும் மீசை அரும்பலுமாகப் பொடியன்கள். தலைமை அதிகாரி ஒவ்வொரு கொடியாகத் தூக்கிக் காட்டினார். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி வந்ததும், பாதையில் ஒயில் இருந்தால் இது என்றார். மோட்டார் சைக்கிள்காரர் இந்தக் கொடியைக் காண்பதற்கு முன்னமே விழுந்துவிடுவார், ஆகவே யாரும் ஒயில் ஒழுகும் வாகனத்தை உள்ளே கொண்டுவர வேண்டாம் என்றார். எல்லாரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தால் காருக்கு அடியில் பேப்பர் விரித்திருக்கிறது. வெள்ளையாக இருக்கிறது. ஒரு சொட்டும் இல்லை. பரிசோதகர் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல வேலை, அன்ரி" என்று கண்ணாடியில் ஸ்ரிக்கரை ஒட்டினார். எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. காலையில் ஏசினதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

புதிதாக ஓடுகிறவர்களைக் கடைசி வரிசையில் விட்டார்கள். பட்டி கட்டி, ஹெல்மெற் போட்டு, முன்னால் நிற்கிற காரின் பின்வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். என் கணவர் கதவடியில் குனிந்தார். கையெல்லாம் கறுப்பு. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் கலியாணத்தன்றும் காணவில்லை.

"எப்பிடி நிப்பாட்டினனான் எண்டு தெரியுமே? கட்டிச் சவர்க்காரம். பெற்றோல் ராங்கி ஓட்டைக்கு வைக்கிற மாதிரி ஒவ்வொரு ஓட்டையிலும் வச்சு அமத்தி விட்டனான். ஒருத்தருக்கும் தெரியாது."

ஊரில் அப்படித்தான் செய்வோம். ராங்கி ஓட்டையானால் சவர்க்காரத்தைக் குழைத்து அடைத்துக்கொண்டு கராஜ் வரைக்கும் போவோம். போகலாம்தான். ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தால்தான் சைலன்சர் குழாய் போகிறது. நாலு சுற்று ஓடினால் குழாய் கொதிக்கும், சவர்க்காரம் இளகும், உள்ளே இருக்கிற ஒயில் தண்ணீராகும். திருப்பத்தில் கார் சாய்கிற நேரம் மொத்தமாக ஊற்றும். நான் கடைசியில்தான் ஓடப்போகிறேன், எனக்குப் பின்னால் யார் என்று ஒரு கணம் நினைத்தேன். முன்னால் ஓடுகிறவன் கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்துவிடுவான். அவனுக்குப் பிறகு அந்தப் பொடியன்கள்.

"அதை ஏன் எனக்கு இப்ப சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "சொல்லாமல் விட்டிருந்தால் நான் ஓடியிருப்பன்!"

"ஓடுமன்," என்றார். அவருக்கு விளங்கவில்லை. "ஸ்ரிக்கர் ஒட்டியாச்சு."

பச்சை வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ஒரு வருடம். மூடிய கொட்டிலில் கிடந்த கார், பாலையூற்றுக்கு எத்தனை நடை, ஊராரின் வாய், எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வந்து நின்றது. யாருக்கும் தெரியாது என்பது உண்மை. எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. யாரைக் கோபிப்பது? அன்பாகச் செய்தவரையா? கையை வெளியே நீட்டி உயர்த்தினேன். கொடிக்காரர் ஓடி வந்து காரை வரிசையிலிருந்து பக்கத்துக்குத் தள்ளினார். மற்றவர்கள் போனார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள் இருக்கிறது.

பரிசோதகர் வந்தார். "பரவாயில்லை அன்ரி, முதல் தரம் எல்லாருக்கும் பயம் வரும்" என்றார், மிகவும் இரக்கமாக. அந்த இரக்கத்தை என்னால் பொறுக்க ஏலாமல் இருந்தது. பயம் இல்லை என்று அவரைக் காருக்கு அடியில் பார்க்க வைத்தேன். ஒரு ஓட்டையில் விரலால் சவர்க்காரத்தைத் தோண்டினேன். ஒயில் வந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. நன்றி சொல்வார் என்று நினைத்தேன், முட்டாள். "என்னை ஏமாற்றப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். யார் வைத்தது என்று கேட்டார். என் கணவர் கொஞ்சம் தள்ளி நின்றார், ஒரு கையில் மிச்சச் சவர்க்காரம். சிங்களம் அவருக்கு நன்றாக விளங்கும். அவர் வாய் திறப்பதற்குள், "நான்தான் வைத்தேன்" என்றேன். பரிசோதகர் ஸ்ரிக்கரை நகத்தால் உரித்தெடுத்தார். அடுத்த முறை என் காரைக் கடைசி ஆணி வரைக்கும் கழற்றிப் பார்ப்பாராம். அத்தனை பேருக்கு முன்னால் களவு பிடித்த மாதிரிச் சொன்னார். உண்மையைச் சொன்ன ஒருத்திக்கு அன்று கிடைத்த மரியாதை அதுதான்.

எங்களுக்கு முன்னமே செய்தி ஊருக்கு வந்துவிட்டது. போனில் யாரோ படம் எடுத்துப் போட்டிருந்தார்கள்: வரிசையில் இருந்து தள்ளப்படும் என் கார். பயந்துவிட்டாள் என்றார்கள். அலுவலகத்தில் சொன்னார்கள். மெக்கானிக் சொன்னான், "அக்கா, ஐயாவை ஓட விட்டிருக்கலாம்." நான் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. விளங்கப்படுத்தினால் ஒயில் கதை வரும், சவர்க்காரக் கதை வரும், பிறகு வாழ்நாள் முழுவதும் அவரைச் சவர்க்காரம் என்றே கூப்பிடுவார்கள். எங்கள் ஊரை எனக்குத் தெரியும். வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று இதுவரை வாசித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளவில் நின்றோம். பங்குச் சபைக்காரர் ஒருவர் என் கணவரின் தோளில் தட்டி, "என்ன, கடைசி நேரத்தில மிசிஸ் பயந்திட்டாவாம்" என்றார்.

என் கணவர் தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டார். "ஒயில் அடிச்சது நான். அது ஒழுகாமல் சவர்க்காரம் வச்சுக் களவு செய்ததும் நான். அவ கண்டுபிடிச்சு நிப்பாட்டினவ," என்றார். வளவில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

பங்குச் சபைக்காரர் யோசித்தார். "ஒயில் அடிச்சது நல்ல வேலை தானே," என்றார். "இந்த உப்புக் காத்துக்கு அடிக்காமல் விட்டால் கார் என்னத்துக்கு ஆகும்?" பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள்.

எனக்கு வாய் திறக்கும் அளவுக்குக் கோபம் வருவதற்குள் என் கணவர் அந்த மனுசனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பங்குச் சபைக்காரருடைய கார் நின்ற இடத்தில் நிலத்தில் ஒயில் கறுப்பாகக் கிடந்தது. அதைச் செருப்பால் காட்டினார்.

"உங்கட மகனைக் கூப்பிடுங்கோ. மோட்டார் சைக்கிளை வேகமா விட்டு, இதில வந்து சாய்ச்சுத் திருப்பச் சொல்லுங்கோ. பாப்பம். சொல்லுங்கோவன்!"

பங்குச் சபைக்காரர் வாசல் படலைப் பக்கம் பார்த்தார். மகன் அங்கே மோட்டார் சைக்கிளில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கூப்பிடவில்லை.

"ஓம், அவ பயந்தவ தான்," என்றார் என் கணவர். "ஆரோ பெத்த பிள்ளையளுக்காகப் பயந்தவ. நான்தான் பயப்பிடேல்ல."